நெடுநாகன் கேணி மூடப்பட்ட செய்தி

இவ்வோலை எழுதப்பட்ட அவையில் இருந்தோர்: நாகவேலி நாட்டின் முதுகோ நன்னாகனார், அவர் தம்பியும் படைத்தலைவருமான வேணாகனார், பேரனும் பட்டத்துக்கு உரியவனுமான பொறையன், அவன் மனைவியும் இவ்வோலை பெறும் தங்கள் திருமகளுமான நறுங்கோதை, அவள் மடியில், இன்றோடு ஓராண்டு நிறைந்த பெண்குழந்தை, குயவர் தெருவிலிருந்து அழைக்கப்பட்டு வந்த சாத்தி, ஓலை எழுதும் கண்டன். வாயிலில் நின்ற காவலர் இருவரும் எல்லாவற்றையும் கேட்டனர். ஆகவே அவர்களும் இருந்தோரே. குழந்தை உறங்கவில்லை.

மஞ்சு தவழும் மலைகள் ஏழினையும் ஆள்பவரும், தம் மகளிருக்கு எழுத்தைச் சீதனமாகத் தருபவரும், எம் குடிக்குச் சம்பந்தியுமான பெருந்தேவி வேண்மாளார் திருமுன் நன்னாகனார் விடுக்கும் ஓலை. தங்கள் மலையில் மழை பிழையாதிருக்க. தங்கள் ஏலக்காடுகள் மணத்திருக்க. தங்கள் வீதிகளில் தொட்டில் கயிறுகள் ஓயாது ஆடியிருக்க. மூன்றாவது வாழ்த்தை எம் நாட்டில் இதற்கு முன் எவரும் ஓலையில் எழுதியதில்லை. அதை ஏன் எழுதினோம் என்பதே இவ்வோலையின் பொருள்.

நாகவேலிக் குடியின் முதியவர்கள் ஓலையில் தம்மை ‘நான்’ என்று குறிப்பதில்லை. சொல் குடிக்கு உரியது. ஆகவே நன்னாகனார் தம்மையும் பிறரைப் போலவே பெயர் சொல்லி எழுதுவிக்கிறார்; தம் பிழையையும் அவ்வாறே எழுதுவிக்கிறார்.

அரண்மனை வாயிலுக்கு எதிரே நெடுநாகன் கேணி இருந்ததைத் தாங்கள் திருமணத்தின்போது கண்டிருக்கிறீர்கள். நன்னாகனாரின் பாட்டன் நெடுநாகன், நீலியாறு முற்றும் வற்றிய காலத்தில், பாறையை நாற்பத்திரண்டு முழம் குடைந்து கண்ட நீர் அது. ‘இந்நீர் பருகுவோர் நெடிது வாழ்க’ என்று அவர் தம் பெயரோடு கல்லில் பொறிப்பித்தார். அன்று முதல் மேலைத் தெருக்களில் புகும் மணமகள் எவளும் முதல் குடத்தை அங்கேதான் மொண்டாள். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வேறு நீர் தொடமாட்டாள். பிறந்த குழந்தையின் முதல் துணியைக் கேணியின் மேடைக்கல்லில் அலசுவார்கள், பாட்டன் வாழ்த்து குழந்தையின் உடம்பில் ஒட்ட வேண்டும் என்று. நோயுற்ற வீட்டுக்கு ஒரு குடம் கூடுதலாகப் போகும். நோய் முற்றினால் இரண்டு குடம். ஒரு மனைவிக்குக் கேணி நீர் மறுக்கப்பட்டால், அவள் பிறந்தகத்துக்குத் திருப்பி அனுப்பப்படுகிறாள் என்று பொருள்.

இத்தனை மரியாதை பெற்ற நீரைக் குடித்த தெருக்களில்தான் தொட்டில்கள் காலியாகிக்கொண்டிருந்தன. பிறந்த பத்தொன்பதில் பதினொன்று ஓராண்டைக் காணாமல் போன ஆண்டும் உண்டு. கண்ணேறு என்றார்கள். நாள் சரியில்லை என்றார்கள். தங்கள் மகள் பெற்ற முதல் மகன் நாற்பது நாளும் இரண்டாம் மகன் மூன்று திங்களும் இருந்து மறைந்தபோது, மலைநாட்டுப் பெண்ணின் கருப்பை குளிர்ந்தது என்று பந்தியில் அமர்ந்தே பேசினார்கள். அப்பேச்சை நன்னாகனார் கேட்டார், அடக்கவில்லை. இது அவர் பெயரில் எழுதப்பட வேண்டியது, எழுதப்படுகிறது.

இரண்டாம் குழந்தை போன பின் நறுங்கோதை பொன் கேட்கவில்லை, பிறந்தகம் போகவும் கேட்கவில்லை. ஊர்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லித்தர இடம் கேட்டாள். நன்னாகனாருக்கு அதில் சிறிதும் விருப்பமில்லை. ஆனால் துக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் இல்லை என்று சொல்லி அது மலை தாண்டித் தங்கள் செவிக்கு எட்டினால் குடிக்கு இழுக்கு என்று எண்ணினார். அரண்மனைக்குள் இடமில்லை என்று சொல்லி, யானை இறந்த பின் வெறுமையாகக் கிடந்த கொட்டிலைத் தந்தார். எம் குடியின் ஏடுகளைப் பெண்கள் தொடலாகாது, அவற்றைப் பார்த்து எழுதவும் கூடாது என்றார். அவர்கள் எழுதிப் பழகும் ஓலைகளை ஆடிப்பெருக்கன்று வழக்கப்படி ஆற்றில் விட வேண்டும். அதற்கு முன் ஒவ்வோர் ஓலையையும் தாமே படித்துப் பார்ப்பார், குடிக்கு மானக்கேடான சொல் ஒன்று இருந்தாலும் பள்ளி அன்றே மூடப்படும் என்றார்.

பார்த்து எழுத ஏடு இல்லாமல் எதை எழுதுவது என்று பெண்கள் கேட்டிருக்கிறார்கள். உங்கள் வீடு இருக்கிறதே, அதை எழுதுங்கள் என்று நறுங்கோதை சொல்லியிருக்கிறாள். நாளுக்கு ஓர் ஓலை. இன்று வீட்டில் யார் என்ன உண்டார், யார் எழுந்தார், யார் படுத்தார், நீர் எங்கிருந்து வந்தது. மேலைத் தெருப் பெண்கள் இருபத்தேழு பேரும் கொட்டிலின் உள்ளே அமர்ந்து எழுதினார்கள். குயவர் தெருப் பெண்கள் பதினான்கு பேர் வெளியே புளிய நிழலில் அமர்ந்து எழுதினார்கள். ஓராண்டு இப்படிப் போயிற்று.

சென்ற ஆடிக்கு முந்தைய ஆடியில், பெருக்குக்குப் பதினொரு நாள் முன்னதாக, ஓலைக் கட்டுகள் ஒன்பது கூடைகளில் நன்னாகனார் அறைக்கு வந்தன. எழுபத்தெட்டு வயதில், முதுகு சாயாமல் அமர்ந்து, அவர் மானக்கேட்டைத் தேடத் தொடங்கினார். கிடைத்தது வேறு. ஒரு மாமியார் உப்பை மறந்துவிட்டு மருமகளைக் குறை சொல்லியிருந்தார். ஒரு கணவன் தோசைக்குக் கோபித்துக்கொண்டு மாலைவரை பட்டினி கிடந்து, பிறகு ஒன்பது தின்றிருந்தான். ‘பெரிய ஐயா இன்று கொட்டில் பக்கம் வந்தார்; எட்டிப் பார்க்காதவர் போல எட்டிப் பார்த்தார்’ என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அவ்வோலையை அவர் நீக்கவில்லை. பிள்ளையை இழந்த ஒருத்தி, அதன் பெயரை மட்டும் ஓலை முழுதும் எழுதிவிட்டுக் கீழே, ‘இதை எழுதினேன். பிறகு உறங்கினேன். ஐந்து திங்களுக்குப் பின் இன்றுதான் உறங்கினேன்’ என்று முடித்திருந்தாள். அதை அவர் மூன்று முறை படித்தார்.

நான்காம் நாள் ஒரு சொல் அவர் கண்ணில் இடறத் தொடங்கியது. வயிறு. பிள்ளைக்கு வயிறு போகிறது. மாமனாருக்கு வயிறு சரியில்லை. கேணியிலிருந்து ஒரு குடம் கூடுதலாக வந்தது. வயிறு நிற்கவில்லை. இரண்டு குடம் வந்தது. பிள்ளை போயிற்று. வெவ்வேறு வீடு, வெவ்வேறு கை, கோணல் எழுத்தும் நேர் எழுத்தும். ஆனால் சொல்லும் வரிசையும் ஒன்றே. ஒவ்வொருத்தியும் தன் வீட்டை மட்டுமே எழுதியிருந்தாள். எல்லா வீடுகளும் ஒரே தரையில் பரப்பி வைக்கப்பட்டது அன்றுதான்.

ஏழாம் நாள் குயவர் தெருக் கட்டுகளை அவிழ்த்தார். அங்கே, பிள்ளை குப்புறக் கவிழ்ந்தான், பிள்ளைக்குப் பல் வந்தது, பிள்ளை சூளைப் பக்கம் தவழ்ந்து போய் அடி வாங்கினான் என்று எழுதியிருந்தது. அவர்கள் பெருமைக்குப் பொய் எழுதுகிறார்கள் என்று நன்னாகனார் சினந்தார். மறுநாள் காலை, அவர் குடியில் எவரும் மிதித்தறியாத குயவர் தெருவுக்கு நடந்தே போனார். தெருவில் முதலில் எதிர்ப்பட்டது பிள்ளைகள்தான். அவர்களை எண்ணத் தொடங்கி, ஓட்டம் நிற்காததால் விட்டுவிட்டார்.

எழுதியவர்களில் ஒருத்தியான சாத்தியின் வீட்டு வாயிலில் நின்று, எழுதியது மெய்தானா என்று கேட்டார். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுத வேண்டும் என்று கண்டனுக்குக் கட்டளை. சாத்தியும் இப்போது அருகிலிருந்து சரிபார்க்கிறாள். அவள் சொன்னது: “பொய் எழுத எங்களுக்கு ஓலை ஏது ஐயா? நாளுக்கு ஒண்ணுதான் தர்றாங்க. உள்ளதை எழுதவே இடம் பத்தல.”

எந்த நீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். “உங்க கேணியைத் தொடத்தான் எங்களுக்கு உரிமை இல்லையே. ஆத்து மணல்ல ஊத்துத் தோண்டி எடுக்கறோம். புதுப்பானை ஒழுகுதான்னு பார்க்க அதுல தண்ணி கொதிக்க வெப்போம். கொதிச்ச தண்ணியக் கீழ கொட்டுவானேன்னு ஆறவெச்சுக் குடிச்சிடுவோம். வேற ஒரு மந்திரமும் இல்ல.” சற்று நின்று, “ஐயாவுக்கு ஒரு குவளை தரட்டுமா? தொட்டா ஒட்டிக்காது” என்றும் சொன்னாள். நன்னாகனார் குடித்தார். மண்வாடை இருந்தது. இன்னொரு குவளையும் கேட்டுக் குடித்தார்.

அங்கிருந்து நேரே கேணிக்கு வந்தார். மேடைக்கல்லில் ஒரு தாய் குழந்தையின் துணியை அலசிக்கொண்டிருந்தாள். அலசிய நீர் கல்லின் மேல் வழிந்து, வாய்க்காலுக்குப் போகாமல் பாதி வழியில் ஒரு விரிசலுக்குள் மறைந்தது. எத்தனை ஆண்டுகளாக மறைந்துகொண்டிருந்ததோ, யாரும் பார்க்கவில்லை. மணமக்களுக்குச் சுற்றும் ஆலத்தைக் கொண்டுவரச் சொன்னார்; மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த அந்தச் செந்நீரை ஒரு தட்டு நிறைய மேடைக்கல்லில் தாமே ஊற்றினார். பிறகு விளிம்பைப் பற்றிக்கொண்டு கீழே குனிந்து பார்த்தார். முப்பது எண்ணுவதற்குள், கேணியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்கு நான்கு முழம் மேலே, சிவப்புக் கோடு ஒன்று கசிந்து இறங்கியது.

அப்போது உச்சிப்பொழுது. அந்நேரத்தில்தான் அந்தப்புரத்துக்குக் கேணி நீர் போகும். நறுங்கோதை மூன்றாம் முறையாகக் கருவுற்று இரண்டு திங்கள் ஆகியிருந்தது. நன்னாகனார் தம் வாழ்நாளில் முதல் முறையாகப் பெண்கள் கட்டுக்குள் ஓட்டமும் நடையுமாகப் புகுந்தார். அவள் வாய்க்கு அருகே போன செம்பைப் பற்றி வாங்கினார். குடத்தையும் எல்லோர் கண்ணெதிரே கவிழ்த்தார். அது எதன் அடையாளம் என்று அங்கிருந்த அத்தனை பெண்களுக்கும் தெரியும். நறுங்கோதை எழுந்து நின்று, “நான் என்ன பிழை செய்தேன், பெரிய ஐயா? இந்தப் பிள்ளையையாவது பெற்றுவிட்டுப் போகிறேனே” என்றாள்.

“பிழை உன்னுடையது அன்று, அம்மா. இந்தக் குடத்துடையது. உன் ஓலைகள் சொல்கின்றன” என்று நன்னாகனார் சொன்னார். தாம் கண்டதை முழுதும் சொன்னார். பிறகு அவள் கேட்டது ஒன்றுதான்: “மற்ற வீடுகளுக்குச் சொல்லிவிட்டீர்களா?”

தங்கள் வளர்ப்பு எத்தகையது என்பதை அன்று எம் குடி அறிந்தது.

அவையில் வேணாகனார் கடுமையாக எதிர்த்தார்; அதை மறைக்க அவரும் விரும்பவில்லை. பாட்டன் பெயர் பொறித்த கேணியைப் பாறாங்கல் போட்டு மூடினால் பக்கத்து நாட்டவன் சிரிக்கமாட்டானா, பெண்பிள்ளைகள் கிறுக்கிய ஓலைக்காகவா குடியின் மானத்தைப் புதைப்பது என்று கேட்டார். கேணி பாட்டன் கை வெட்டியது, விரிசல் நாம் பார்க்காமல் விட்டது என்றார் நன்னாகனார். தாம் வெட்டிய நீரால் பிள்ளைகள் சாவதை அவர் ஒரு நாள் பொறுத்திருப்பாரா, அவர் பெயரைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நாம் காத்தது விரிசலைத்தான் என்றும் சொன்னார். வேணாகனார் எழுந்தார். கடப்பாரை எங்கே இருக்கிறது என்று ஏவலரைக் கேட்டார்.

ஆனால் மறுநாள் காலை, கல்லோடு வந்த ஏவலருக்கு முன்பே மேலைத் தெருப் பெண்டிர் குடங்களோடு வந்து கேணியைச் சுற்றி நின்றுவிட்டனர். மாமியார்கள் முன்வரிசை. பிள்ளை பெற்றவளுக்கு இந்நீரைத் தராமல் எதைத் தருவோம், முதுகோவுக்கு வயது முதிர்ந்து மதி கலங்கிற்றா என்று முகத்துக்கு நேரே கேட்டனர். ஆணையிட்டால் கேணியை மூடலாம். ஆனால் அவர்கள் ஆற்றோரம் வேறு குழி தோண்டி இதே வழக்கத்தை நடத்துவார்கள். நன்னாகனார் நறுங்கோதையைப் பார்த்தார்.

அவள் ஒன்பது கூடைகளையும் கொண்டுவரச் செய்து, கொட்டிலில் படித்த பெண்களிடம் அவரவர் கட்டை அவரவர் கையில் கொடுத்தாள். படியுங்கள் என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. முதலில் எழுந்தவள், பிள்ளையின் பெயரை ஓலை முழுதும் எழுதியவள். எந்த நாள் குடம் வந்தது, எந்த நாள் வயிறு போயிற்று, எந்த நாள் இரண்டாம் குடம் வந்தது என்று தன் கையெழுத்தைத் தன் வாயாலேயே படித்தாள். அவள் மாமியார் முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அடுத்தவள் படித்தாள். அதற்கடுத்தவள். ஒன்பதாமவள் படித்துக்கொண்டிருக்கையில், முதல் மாமியார் தம் இடுப்பிலிருந்த குடத்தைக் கீழே வைத்தார். “அடுத்தவ படிக்கறதுக்குள்ள அது என்னன்னு எனக்கே தெரியுதே. எங்க வீட்டுலயும் இதேதானே” என்றார். இருபத்தேழு பேரும் படித்து முடித்தபோது கேணியைச் சுற்றிக் குடங்கள் மட்டுமே நின்றன. பெண்கள் புளிய நிழலுக்குப் போய், கொதிக்க வைத்த நீரை எத்தனை நாள் வைத்துக் குடிக்கலாம் என்று சாத்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள், “முதல்ல பானை வாங்குங்க” என்றாள்.

முதல் கல்லை நன்னாகனார் இட்டார். இரண்டாம் கல்லை வேணாகனார் இட்டார்.

இப்போது வெற்றிச் செய்தி. புன்னைத் தோப்பில் புதுக்கேணி வெட்டப்பட்டது. அதன் அருகில் எவரும் துணி அலசுவதில்லை, எத்தெருவார் மொள்ளவும் தடையில்லை. அதன் பின் மேலைத் தெருக்களில் இருபத்து மூன்று குழந்தைகள் பிறந்தன. இருபத்திரண்டு இருக்கின்றன. ஒன்று குறைமாதத்தில் பிறந்து அன்றே போயிற்று. அதன் பெயரும் ஓலையில் இருக்கிறது. தங்கள் பேத்தி சென்ற மாசியில் பிறந்தாள். எட்டாம் திங்களில் நின்றாள். இவ்வோலை எழுதப்படுகையில் கண்டனின் எழுத்தாணியை இருமுறை பறித்தாள். மருத்துவரிடம் கைகூப்பி நின்ற பெண்கள் இப்போது, எத்தனை வேளை, எதற்காக, தராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். மருத்துவருக்கு முதலில் பிடிக்கவில்லை. தாம் சொன்ன மருந்து சொன்னபடி உள்ளே போவதைக் கண்டபின் பிடித்திருக்கிறது. படுத்தவர் எழுகிறார்கள், அழுதவர் உறங்குகிறார்கள். எம் முன்னோர் வென்ற போர்கள் பதினான்கும் எம் ஏட்டில் உண்டு. இதைப் பதினைந்தாவதாக, முதல் வரிசையில் எழுதுவித்திருக்கிறோம். எம் தரப்பில் ஒருவரும் வாளெடுக்கவில்லை.

ஆகவே நாகவேலிக்கு உட்பட்ட ஒன்பது ஊர்களுக்கும் முத்திரையோடு செல்லும் ஆணை: ஊர்தோறும் பெண்களுக்கு எழுத்துப்பள்ளி அமைக்க, அதை ஊர் நடுவே அமைக்க, கொட்டிலில் அல்ல. எல்லாத் தெருவாரும் உள்ளே அமர்க. நாளுக்கு ஓர் ஓலை தம் வீட்டை எழுதுக. திங்கள்தோறும் அவற்றை ஒன்றாகப் பரப்பிப் படிக்க. எழுதிய ஓலையை ஆற்றில் விடலாகாது. அவை எம் குடி ஏடுகள் இருக்கும் பேழையில் அவற்றோடு வைக்கப்படும். இதை மாற்றுவோன் எம் குடியில் பிறந்தவனாயினும் எம் குடியான் அல்லன். தங்களிடம் வேண்டுவது ஒன்றே: ஒன்பது ஊர்களுக்கு நறுங்கோதை ஒருத்தியால் ஆகாது, எழுத்தறிந்த மலைநாட்டுப் பெண்கள் மூவரை அனுப்புக. அவர்கள் அரண்மனையில், தங்கள் மகளின் கட்டுக்கு அருகே தங்குவர்.

மாசித் திங்கள், குழந்தையின் முதல் ஆண்டு நிறைவன்று, அவையோர் கேட்க, இருதலை நாக முத்திரை இட்டு விடுத்த ஓலை. காலம் தங்களையும் தங்கள் மலைகளையும் காக்க.

முத்திரை இட்ட பின் சேர்த்தது. நன்னாகனார் தம் நுண்ணறிவால் நோயின் வேரைக் கண்டு கேணியை மூடினார் என்று தங்கள் நாட்டுப் பாணர்கள் பாடித் திரிவதாக, அங்கிருந்து இன்று வந்த தூதன் சொன்னான். அது பொய். அவர் மானக்கேட்டைத் தேடிக்கொண்டிருந்தார். நாற்பத்தொரு பெண்கள் எழுதினார்கள், அவர் படித்தார். அவர்கள் பெயர்கள் தனி ஓலையில் வருகின்றன, அவரவர் கையெழுத்தில். பாடுவதானால் அவற்றைப் பாடுக.